வனத்தின் மலர்கள்: ஃப்ளாடன் போரும் ஒரு ஸ்காட்டியப் புலம்பலும்

கனடாவிலிருந்து எழுதியிருக்கும் நண்பர் இரண்டு செய்திகளைக் கேட்டிருக்கிறார். போரில் இறந்தோருக்கான நவம்பர் 11-ஆம் நாள் நினைவு நிகழ்ச்சியில், இரண்டு நிமிட மௌனத்தை ஒட்டி ஒருவர் பேக்பைப்பில் (காற்றுப்பை பொருத்திய ஊதுகுழலில்) வாசித்த ‘ஃப்ளவர்ஸ் ஆஃப் த ஃபாரஸ்ட்’ (‘வனத்தின் மலர்கள்’) என்ற மெட்டு, 1513-இல் இங்கிலாந்துடன் நடந்த ஃப்ளாடன் போரில் மடிந்த ஆண்களுக்காக ஸ்காட்லாந்துப் பெண்கள் அன்றே பாடிய ஒப்பாரி என்று பக்கத்தில் நின்றவர் சொன்னாராம். அது உண்மையா என்பது முதல் கேள்வி. பேக்பைப் கற்கத் தொடங்கியிருக்கும் தம் மகள் அந்த மெட்டைப் பள்ளிக் கலைவிழாவில் வாசிக்க ஆசைப்பட்டபோது ஆசிரியர் காரணம் சொல்லாமல் மறுத்துவிட்டார், ஏன் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே ஐயம்தான் என்று நினைக்கிறேன்: இந்தப் பாடல் அந்தப் போரைக் கண்டவர்களின் குரலா, அல்லது வெகுகாலம் கழித்து வந்தவர்கள் அவர்களுக்குக் கொடுத்த குரலா? வேலை நிமித்தம் ஸ்காட்லாந்தில் குடியேறிப் பதினான்கு ஆண்டுகளாக ஓர் ஊர்ப் பைப் குழுவில் வாசித்து வருகிறேன். இங்கிலாந்தை ஒட்டிய எல்லைப்புறத்தின் வரலாற்றை விரும்பிப் படிப்பவன். போர்க்களத்தையும் இருமுறை நடந்து பார்த்திருக்கிறேன். ஆனால் நான் சுவடிகளை நேரில் ஆராய்ந்த அறிஞன் அல்லன், இந்தப் பாடலின் மொழியான ஸ்காட்ஸ் என் தாய்மொழியும் அன்று. அந்த எல்லைக்குள் நின்றே எழுதுகிறேன்.

சுருங்கச் சொன்னால், உங்கள் பக்கத்தில் நின்றவர் சொன்னது சரியன்று. ஆனால் முழுப் பொய்யும் அன்று. போர் 1513-ஐச் சேர்ந்தது. மெட்டு, நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றின்படி, 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு முன்னால் தடம் காட்டவில்லை. இன்று பாடப்படும் சொற்கள் 1750-களில் ஒரு பிரபு குடும்பத்துப் பெண் எழுதியவை. அதைப் பேக்பைப்பில் இறந்தோருக்கு மட்டுமே வாசிப்பது என்ற வழக்கம் அதற்கும் பிற்பட்டது. நான்கு காலங்களைச் சேர்ந்த நான்கு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இன்று ஒரே பொருளாக நம் காதில் விழுகின்றன.

போரிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் அது பற்றிய செய்திகளே பெரும்பாலும் உறுதியானவை. ஸ்காட்லாந்தின் நான்காம் ஜேம்ஸ் அரசர் 1502-இல் இங்கிலாந்துடன் ‘என்றும் நிலைக்கும் அமைதி’ என்ற பெயரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, அடுத்த ஆண்டு ஏழாம் ஹென்றியின் மகள் மார்கரெட் டியூடரை மணந்தார். இன்னொரு புறம் பிரான்சுடன் 1295 முதல் தொடர்ந்து வந்த பழைய நட்புறவும் இருந்தது. மார்கரெட்டின் தம்பி எட்டாம் ஹென்றி 1513 கோடையில் பிரான்சின்மீது படையெடுத்தபோது இரண்டு வாக்குறுதிகளையும் ஒருசேரக் காப்பாற்ற வழியில்லாமல் போயிற்று. ஜேம்ஸ் பிரான்சின் பக்கம் சாய்ந்தார். அமைதி உடன்படிக்கையை மீறியதற்காகப் போப்பின் சமய விலக்கத்துக்கும் ஆளானார். இந்தச் செய்தி பின்னால் அவருடைய உடலுக்கு நேர்ந்த கதியோடு தொடர்புடையது என்பதால் நினைவில் வையுங்கள். பிரெஞ்சு அரசி ஆன் தம் மோதிரத்தை அனுப்பி, தமக்காக ஆங்கில மண்ணில் மூன்றடி முன்னேறும்படி வேண்டினார் என்ற கதை புகழ்பெற்றது. அதை நான் கதையாகவே எடுத்துக்கொள்கிறேன். பிரான்சு அனுப்பிய பணமும் படைக்கலங்களும் பயிற்சி தரும் தலைவர்களும் மோதிரத்தைவிட வலுவான காரணங்கள்.

ஆகஸ்ட் 22 அன்று ஜேம்ஸ் எல்லையான ட்வீட் ஆற்றைக் கடந்தார். நோரம் கோட்டை சில நாட்களில் வீழ்ந்தது. எடல், ஃபோர்டு கோட்டைகளும் வீழ்ந்தன. பிறகு அவர் ஃப்ளாடன் குன்றின்மேல் பீரங்கிகளை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். எதிரே வந்தவர் சர்ரே பிரபு தாமஸ் ஹோவர்ட், ஏறத்தாழ எழுபது வயதுக் கிழவர். பத்தாண்டுகளுக்கு முன் மணப்பெண் மார்கரெட்டை ஸ்காட்லாந்துக்கு அழைத்துவந்து ஒப்படைத்தவரும் அவரே. அக்கால முறைப்படி தூதர்கள் வழியாக நாள் குறிக்கப்பட்டது: செப்டம்பர் 9-க்குள் போர் நடக்க வேண்டும். குன்றைவிட்டுச் சமவெளிக்கு இறங்கி வருமாறு சர்ரே கேட்டார், ஜேம்ஸ் மறுத்தார். அப்போது சர்ரே செய்த காரியம்தான் போரின் போக்கை மாற்றியது. அவர் டில் ஆற்றைக் கடந்து கண்ணுக்கு எட்டாமல் வடக்கே சுற்றிச் சென்று, 9-ஆம் நாள் முன்னணிப் படையையும் பீரங்கிகளையும் ட்விசல் பாலத்தின் வழியாக மீண்டும் ஆற்றைக் கடத்தி, ஜேம்சுக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவில் வந்து நின்றார். பாலத்தைக் கடக்கும்போதே அவர்களைச் சுட அனுமதி கேட்டுப் பீரங்கித் தலைவர் மன்றாடியதாகவும், அது வீரத்துக்கு அழகன்று என்று அரசர் தடுத்ததாகவும் சொல்லப்படுவது பிற்கால வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்தது. அரசரின் குணத்துக்குப் பொருந்துகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு வலு இல்லை.

ஸ்காட்டியப் படை அவசரமாக ஒரு மைலுக்கு மேல் வடக்கே நகர்ந்து பிராங்ஸ்டன் குன்றின் முகட்டைப் பிடித்தது. உண்மையில் சண்டை நடந்தது அந்தக் குன்றின் சரிவில்தான். ஃப்ளாடன் என்ற பெயர் நிலைத்தாலும் களம் பிராங்ஸ்டன் சிற்றூரை ஒட்டியது. பிற்பகல் நான்கு மணியளவில், மழையும் காற்றுமாக இருந்த வேளையில், பீரங்கிகள் முதலில் பேசின. ஸ்காட்டியப் பீரங்கிகள் பதினேழும் கோட்டைச் சுவர்களை உடைப்பதற்கென்று காளைகள் இழுத்து வந்த கனமானவை. மேலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போது குண்டுகள் பெரும்பாலும் தலைக்கு மேலே பறந்தன. ஆங்கிலேயருடைய பீரங்கிகள் இலகுவானவை, விரைவாகச் சுடக்கூடியவை. அடி தாங்க முடியாத ஸ்காட்டிய அணிகள் குன்றிலிருந்து இறங்கத் தொடங்கின. அவர்கள் கையில் இருந்தது ஐந்து மீட்டருக்கு மேல் நீளும் ஈட்டி. சுவிட்சர்லாந்துக் காலாட்படையைப் பார்த்துக் கற்றுக்கொண்ட முறை அது: தோளோடு தோள் உரச நெருங்கி, வேகம் குறையாமல் நகரும்வரை அந்த ஈட்டிக் காட்டை எவராலும் எதிர்க்க முடியாது. வரிசை கலைந்துவிட்டாலோ, அவ்வளவு நீளமான கோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்காட்டியரின் இடப்புறத்தில் ஹோம் பிரபுவும் ஹன்ட்லி பிரபுவும் நடத்திய அணி முதலில் இறங்கியது; அங்கே நிலம் ஒத்துழைத்தது, எதிரணி சிதறியது. அதைக் கண்டு அடுத்த அணிகளும், அரசர் தாமே முன்வரிசையில் நின்ற அணியும் இறங்கின. அவர்களுக்கு முன்னால் சரிவின் அடியில் ஓர் ஓடையும் சதுப்பும் இருந்தன. களத்தில் நின்று பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது இதுதான்: இன்று வடிகால் வெட்டிப் பயிரிடப்பட்டிருக்கும் அந்த இடம் மேலிருந்து பார்த்தால் ஒரு சாதாரணத் தாழ்வாகவே தெரிகிறது, கீழே இறங்கி மறுபுறம் ஏற முயலும்போதுதான் அது எவ்வளவு செங்குத்தானது என்பது காலுக்குப் புரிகிறது. சேற்றில் வழுக்காமல் இருக்கச் சிலர் காலணிகளைக் கழற்றிவிட்டு வந்தனர் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. ஓடையில் வேகம் நின்றது, வரிசை கலைந்தது. ஆங்கிலேயர் கையில் இருந்தது ‘பில்’ எனப்படும் ஆயுதம். வேலி வெட்டும் கொக்கி அரிவாளை ஆள் உயரத்துக்கும் சற்று மிகுந்த கோலில் பொருத்தியது போன்றது. அது ஈட்டியின் தலையை வெட்டியது, பிறகு ஈட்டி பிடித்தவனை வெட்டியது. ஸ்காட்டியரின் வலப்புறத்தில் நின்ற மேட்டுநில அணியை ஆங்கிலத் தலைவர் ஸ்டான்லியின் வில்லாளர்கள் கலைத்தனர். இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சர்ரே நின்ற இடத்திலிருந்து ஓர் ஈட்டி நீளத்தில் ஜேம்ஸ் விழுந்தார் என்று அக்கால ஆங்கிலேயக் குறிப்பு ஒன்று சொல்கிறது.

எத்தனை பேர் இறந்தனர் என்பதில் உறுதி கிடையாது. வென்றவர்கள் அன்று எழுதியவை ஸ்காட்டியர் பக்கம் 10,000-ஐ ஒட்டிய எண்ணைச் சொல்கின்றன. வென்றவர்களின் கணக்கு என்பதால் அதைக் குறைத்து மதிப்பிடுவோர் உண்டு, 5,000 என்பவர்களும் உண்டு. எண்ணைவிட உறுதியானது யார் யார் இறந்தனர் என்பது. அரசர், அவருக்கு மணத்துக்குப் புறம்பே பிறந்த மகனும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயரும் அறிஞர் எராஸ்மஸிடம் பாடம் கேட்டவருமான இருபது வயது இளைஞர் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட், ஒன்பதுக்குக் குறையாத ‘எர்ல்’ பிரபுக்கள், எண்ணற்ற சிறுநிலக்கிழார்கள். வாரிசாக எஞ்சியது பதினேழு மாதக் குழந்தை. ஐந்தாம் ஜேம்ஸ் என்ற பெயரில் அதற்கு இரண்டு வாரத்துக்குள் ஸ்டர்லிங்கில் முடிசூட்டினார்கள். அரசரின் உடல் பெரிக் நகரில் பதப்படுத்தப்பட்டு லண்டன் பக்கம் கொண்டு செல்லப்பட்டது. விலக்கம் பெற்றவருக்கு முறையான அடக்கம் எளிதில் கிடைக்கவில்லை, இன்றுவரை அவருக்குக் கல்லறை கிடையாது. பிரான்சில் இருந்த ஹென்றிக்கு அவருடைய அரசி கேத்தரின், கொடித்துணியாகப் பயன்படுத்திக்கொள்ளும்படி ஜேம்சின் மேலங்கியை அனுப்பி, உடலையே அனுப்ப எண்ணியதாகவும் ஆங்கிலேயர் மனம் அதற்கு இடம் தரவில்லை என்றும் கடிதம் எழுதினார். இறந்தவர் ஹென்றியின் அக்காள் கணவர் என்பதை நினைத்தால் அந்தக் கடிதத்தை இன்றும் இயல்பாகப் படிக்க முடிவதில்லை.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். பெண்கள் அன்றே அழுதார்களா? அழுதார்கள். அதற்கு நமக்கு இருக்கும் மிக நெருங்கிய சான்று ஒரு பாட்டன்று, ஒரு தடையாணை. போருக்கு மறுநாள், செப்டம்பர் 10 அன்று, எடின்பரோ நகர நிர்வாகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அரசரையும் படையையும் பற்றிப் பெரிய வதந்தி ஒன்று நகரில் கிளம்பியிருக்கிறது, அதன் உண்மை இன்னும் வந்து சேரவில்லை என்று தொடங்குகிறது அது. மணி அடித்ததும் ஆண்கள் ஆயுதத்தோடு கூட வேண்டும். எளிய பெண்கள் தெருவில் நின்று கூச்சலிட்டு அழக்கூடாது, மீறினால் நகரைவிட்டு விரட்டப்படுவார்கள், தங்கள் வேலையைப் பார்க்கப் போக வேண்டும். மதிப்புள்ள பெண்கள் தேவாலயத்துக்குச் சென்று அரசருக்காகவும் படைக்காகவும் வேண்டிக்கொள்ள வேண்டும். அழுகை உண்மை, அது இவ்வளவு பலமாக இருந்ததால்தான் தடை தேவைப்பட்டது. ஆனால் அந்தப் பெண்கள் என்ன சொல்லி அழுதார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. கையறுநிலை என்றொரு துறையையே வகுத்துக்கொண்ட மொழியில் வளர்ந்த நமக்கு, அவ்வளவு பெரிய சாவுக்கு உடனடியாக ஒரு பாட்டு எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. எழுந்திருக்கலாம். ஆனால் நம் கைக்கு அது வந்து சேரவில்லை.

பாடலில் வரும் ‘வனம்’ எது என்பதையும் சொல்ல வேண்டும். அது எட்ரிக் வனம், இன்றைய செல்கர்க் வட்டாரம். அடர்ந்த காடு என்று கற்பனை செய்ய வேண்டாம். அரசரின் வேட்டைக்கென ஒதுக்கப்பட்ட நிலத்துக்கே அந்தச் சொல் வழங்கியது. அதில் புல்வெளிக் குன்றுகளும் ஆட்டுக் கிடைகளும் நிறைய. வனத்தின் மலர்கள் என்பது அப்பகுதியின் இளைஞர்களைக் குறிக்கும். வில்லாற்றலுக்குப் பெயர் பெற்றவர்கள் அவர்கள். செல்கர்க்கிலிருந்து எண்பது பேர் போனார்கள், ஃப்ளெட்சர் என்ற ஒருவன் மட்டும் பிடுங்கிய ஆங்கிலக் கொடியோடு திரும்பி வந்தான், பேச முடியாமல் கொடியைச் சுழற்றித் தரையில் சாய்த்தே நடந்ததைச் சொன்னான் என்பது ஊர் மரபு. இதை வரலாறாக நிறுவச் சமகால ஆவணம் கிடையாது. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் ‘காமன் ரைடிங்’ எனப்படும் ஊர்விழாவில் சந்தைத் திடலில் கொடி அவ்வாறே சுழற்றித் தாழ்த்தப்படுகிறது. மௌனத்துக்குப் பின் இந்த மெட்டு ஒலிக்கிறது. அவ்வூரார் அதை ‘லில்டிங்’ (களித்துப் பாடுதல்) என்ற பெயராலேயே அழைக்கின்றனர். ஃப்ளெட்சரின் சிலை போரின் நானூறாம் ஆண்டான 1913-இல் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் வந்து, அதைச் சுற்றி நின்றிருந்த இளைஞர்கள் பிரான்சின் பதுங்குகுழிகளுக்குப் போகத் தொடங்கினார்கள்.

மெட்டுக்கு வருவோம். அதன் மிகப் பழைய வடிவம் ஸ்கீன் சுவடி எனப்படும் கையெழுத்துத் தொகுப்பில், இதே தலைப்போடு இருக்கிறது. அது 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பட்டது; மண்டோரா என்ற சிறிய நரம்புக் கருவிக்கான விரற்குறியீடாக எழுதப்பட்டிருக்கிறதே தவிர, பாடற்சொற்கள் அதில் இல்லை. ஒரு மெட்டு எழுதப்படுவதற்கு முன் பல பத்தாண்டுகள் வாய்வழி உலவியிருப்பது இயல்பு. ஆனால் பல பத்தாண்டுகள் என்பதை ஒரு நூற்றாண்டுக்கு நீட்டி, 1513 வரை இழுத்துச் செல்ல நம்மிடம் கயிறு இல்லை. பேக்பைப்பின் மெட்டு என்று எண்ணுவதும் தவறு. சான்றுப்படி அது நரம்புக் கருவியிலிருந்தும் பாட்டிலிருந்தும் பைப்புக்கு வந்தது. ஒன்பதே சுரங்கள் கொண்ட எங்கள் குழலுக்குள் அடக்குவதற்காக அது சற்று வளைக்கப்பட்டிருக்கிறது. பழைய வடிவத்தைப் பாடிக் கேட்டால் அந்த வேறுபாடு தெரியும்.

சொற்களை எழுதியவர் ஜீன் எலியட் (1727–1805). எல்லைப்புறத்தில் மின்டோ என்ற இடத்துப் பிரபு குடும்பம். தந்தை ஸ்காட்லாந்தின் உயர்ந்த நீதிபதிகளுள் ஒருவர். 1756-ஐ ஒட்டிய ஒரு நாளில், வண்டியில் வீடு திரும்பும் வழியில் ஃப்ளாடனைப் பற்றிப் பேச்சு எழ, அதைப் பற்றி உன்னால் ஒரு பாட்டு எழுத முடியாது என்று அண்ணன் பந்தயம் கட்டினார், வீடு சேர்வதற்குள் அவர் மனத்தில் பாட்டு உருவாகிவிட்டது என்பது குடும்பத்தார் சொல்லிவந்த கதை. பந்தயம் உண்மையோ இல்லையோ, ஆசிரியர் அவர்தான் என்பதில் இன்று ஐயமில்லை. அவர் பெயரிடாமலேயே அதை உலவவிட்டார்; அதனால் பலர் அதைப் பழம்பாடல் என்றே நம்பினார்கள். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் ஏமாறவில்லை: பழக்கவழக்கங்கள் பழையவை, மொழியோ நேற்றையது என்ற கருத்தை அவர் பதிவு செய்தார். எழுத்தாளர் வால்டர் ஸ்காட், எல்லைப்புறப் பாடல்களைத் தொகுத்தபோது, இது புதியது என்று நம்பத் தமக்கே உறுதியான சான்று தேவைப்பட்டது என்று ஒப்புக்கொண்டார். முதல் பத்தியின் தொடக்க அடியும், ‘வனத்தின் மலர்கள்’ என்று முடியும் அடியும் மட்டும் பழைய பாடலிலிருந்து எஞ்சியவை என்பதும் அவர் தரும் செய்தி. இது சரியானால் உங்கள் பக்கத்தில் நின்றவருக்கு ஒரு பங்கு உண்மை கிடைக்கிறது: ஏதோ ஒரு பழைய புலம்பலின் இரண்டு அடிகள், யாருடையவை என்று தெரியாமல், இப்பாடலுக்குள் உயிரோடு இருக்கின்றன. எனக்கு அது சரியாக இருக்கும் என்றே தோன்றுகிறது, ஏனெனில் 17-ஆம் நூற்றாண்டுச் சுவடியிலேயே மெட்டுக்கு அந்தப் பெயர் இருக்கிறது; பெயர் என்பது பெரும்பாலும் பாட்டின் ஓர் அடிதான்.

இதே மெட்டுப் பெயரில் அலிசன் கோபர்ன் எழுதிய வேறொரு பாடலும் உண்டு, 1765-இல் அச்சேறியது. அது விதியின் புன்னகையை நம்பி ஏமாந்தவர்களைப் பற்றிய, நாகரிகமான ஆங்கிலத்துக்கு அருகில் நிற்கும் பாட்டு. நிலக்கிழார்கள் சிலர் செல்வம் இழந்ததே அதற்குத் தூண்டுதல் என்பர். இணையத்தில் இரண்டையும் குழப்பி ஒன்றின் சொற்களுக்கு மற்றவர் பெயரைப் போட்டிருப்பதைப் பார்க்கலாம். பால் கறப்பதில் தொடங்கினால் எலியட்டுடையது என்று கண்டுகொள்ளுங்கள்.

எலியட்டின் பாட்டில் என்னை இத்தனை ஆண்டுகளாகப் பிடித்து வைத்திருப்பது, அதில் போரே ஏறக்குறைய இல்லை என்பது. அரசர் பெயர் இல்லை, ஃப்ளாடன் என்ற சொல்கூட இல்லை. விடிவதற்கு முன் செம்மறிகளைக் கறக்கும்போது பெண்கள் பாடிக் களித்ததைக் கேட்டிருக்கிறேன், இப்போது ஒவ்வொரு பசும்புல் தடத்திலும் முனகல்தான் கேட்கிறது என்று தொடங்குகிறது. காலையில் கிடையடியில் கேலி பேச இளைஞர் இல்லை; ஒவ்வொருத்தியும் பேசாமல் கறவைச் செம்பை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். அறுவடையில் கதிர்க்கட்டுக் கட்டுவோர் எல்லாம் நரைத்துச் சுருங்கிய கிழவர்கள். அந்தி மயங்கும் வேளையில் கதிர்ப்போர்களுக்கு இடையே கண்ணாமூச்சி ஆட ஆள் இல்லை. (கதிர் அடுக்கியதற்கும் களத்தில் மோதுவதற்கும் ‘போர்’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில் இந்த அடியைப் படிப்பது தனி அனுபவம்.) இறந்தவர்களை ஒருமுறைகூட நேரே காட்டாமல், அவர்கள் செய்யாமல் விட்டுப்போன வேலைகளையும் விளையாட்டுகளையும் நாள் முழுவதும் வரிசையாகக் காட்டிக்கொண்டே போகிறார். செம்மறிகளைக் கறக்கும் வழக்கம் அவர் காலத்திலும் அந்தக் குன்றுகளில் இருந்தது. ஆகவே அவர் கற்பனையான பழங்காலத்தை வரையவில்லை, கண்ணெதிரே இருந்த காலைப்பொழுதிலிருந்து ஆண்களை மட்டும் நீக்கிப் பார்த்தார். போர் நடந்ததும் செப்டம்பர், எல்லைப்புறத்தில் கதிர் அறுக்கும் காலம். அந்த ஆண்டு கட்டுக் கட்டக் கிழவர்களே மிஞ்சினார்கள் என்பது கவிதை அழகுக்காகச் சொன்னது மட்டுமாக இருக்க முடியாது.

மலர்கள் ‘வீட் அவே’ ஆகிவிட்டன என்று திரும்பத் திரும்ப வரும் சொல்லை ‘வாடிவிட்டன’ என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். ஸ்காட்ஸ் மொழியில் அது களை எடுத்தலோடு தொடர்புடைய வினை. சாவு வாரிக்கொண்டு போனதற்கும் அதுவே வழங்கும். மலர் தானாக வாடவில்லை. களையைப் பறிப்பதுபோல் யாரோ பறித்திருக்கிறார்கள். யார் என்பதற்கு ஐந்தாம் பத்தி ஓரளவு விடை சொல்கிறது: எங்கள் பிள்ளைகளை எல்லைக்கு அனுப்பிய ஆணைக்குக் கேடு என்று சபிக்கிறது. அதற்கடுத்த அடியில் ஆங்கிலேயர் ‘இந்த ஒருமுறை’ சூழ்ச்சியால் வென்றார்கள் என்கிறது. இங்கே பாட்டை வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சுற்றிவளைத்து வந்தது தேர்ந்த படைநகர்வு, வஞ்சகம் அன்று; ஆங்கிலேயர் அதற்கு முன்னும் பலமுறை வென்றிருக்கிறார்கள். தோற்ற ஊர் இருநூறு ஆண்டுகள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ஆறுதல் அந்த அடி. ஆணையைச் சபிக்கும் அடியைத்தான் நான் கூடுதலாக மதிக்கிறேன். 1745–46 கிளர்ச்சியின்போது வீடு தேடி வந்த ஆயுதக் கூட்டத்தை எலியட் பதற்றமின்றி வரவேற்றுப் பேசிக்கொண்டிருக்க, தந்தை பாறைகளுக்கு இடையே ஒளிந்திருந்தார் என்று அவர் குடும்பத்தில் சொல்வார்கள். ஆணைகள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றால் எப்படியிருக்கும் என்பதை அறிந்தவர் எழுதிய அடியாக அது எனக்குப் படுகிறது; இது என் ஊகம் மட்டுமே.

இனி உங்கள் மகளின் ஆசிரியர். இந்த மெட்டைப் பொது இடத்தில் இறுதிச் சடங்கிலும் நினைவு நிகழ்ச்சியிலும் தவிர வாசிப்பதில்லை என்பது பைப்பர்களிடையே பரவலாக உள்ள வழக்கம். சட்டமோ எழுதிய விதியோ கிடையாது. எல்லாரும் கடைப்பிடிக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. 1513-லிருந்து வழிவழியாக வந்த தடை என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். இரண்டு உலகப் போர்களின் நினைவு நாட்களோடு சேர்ந்தே அது இன்றைய இறுக்கத்தைப் பெற்றது என்று கொள்வதே பொருத்தம். 2021-இல் இளவரசர் பிலிப்பின் அடக்கத்தில் பைப்பர் ஒருவர் இதை வாசித்தபடியே நடந்து விலகிச் சென்றதைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். உங்கள் நாட்டின் நினைவு நாள் முறையில் மௌனத்தை அடுத்து வரும் புலம்பலுக்கும் வழக்கமாக எடுத்துக்கொள்வது இதுவே. என் ஆசிரியர் இதை எனக்குக் கற்பித்தது பை இல்லாத பயிற்சிக் குழலில், கதவைச் சாத்திக்கொண்டு. முழுப் பைப்பில் நான் முதன்முதலாக இதை வாசித்தது அவருடைய கல்லறைக்கு அருகில்தான். பேக்பைப்பில் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ, இடையில் நிறுத்தவோ முடியாது; ஒரே சுரம் இருமுறை வந்தால் இடையே ஒரு சிறு அலங்காரச் சுரத்தை வெட்டித்தான் பிரிக்க வேண்டும். மெதுவான மெட்டில் அந்த வெட்டுகள் சற்றே அவசரப்பட்டாலும் கேட்கச் சகிக்காது. ஆகவே ஆசிரியர் மறுத்ததற்கு வழக்கம் ஒரு காரணம் என்றால், தொடக்க நிலை மாணவிக்கு அது இன்னும் கைக்கு வராது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கலைவிழாவுக்கு வேறு மெட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் அந்த வழக்கம் பைப்பை மட்டுமே கட்டுப்படுத்துகிறது, பாட்டை அன்று. எலியட்டின் ஆறு பத்திகளையும் மேடையிலும் வீட்டிலும் எவரும் தடையின்றிப் பாடுகிறார்கள். உங்கள் மகளுக்குக் குரல் ஒத்துழைத்தால், துணைக்கருவி எதுவும் இல்லாமல், பழைய மெட்டில், கறவைச் செம்பை எடுத்துக்கொண்டு பேசாமல் போகும் அந்தப் பெண்ணின் பத்தி வரையாவது பாடிப் பார்க்கட்டும். ஆசிரியர் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.